பச்சையாக்கிருவோம்

சிவப்பைக் கண்டால் எங்கள் அலுவலகத்து அண்ணனுக்கு ஆகாது. சட்டையிலோ சுவரிலோ இருக்கும் சிவப்பு இல்லை. கம்ப்யூட்டர் திரையில் வரும் சிவப்பைச் சொல்கிறேன். எங்கள் வேலையில் ஒரு சோதனை தேறினால் அந்த வரி பச்சையாக வரும், தேறாவிட்டால் சிவப்பாகிவிடும். யார் திரையிலாவது சிவப்பு தட்டினால் போதும், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"எதுக்குத்தா மொகம் இப்பிடி வாடுது? கொண்டா இங்கன. பச்சையாக்கிருவோம்."

ஊர் சாயல்குடிப் பக்கம். நாற்பதைத் தாண்டியவர். ஒல்லியான ஆள், எப்போதும் முழுக்கையை மடித்துவிட்டிருப்பார், குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பைக்குள் கருப்பட்டி மிட்டாய் வைத்திருப்பார். அழுகிற முகம் யாருக்கு வந்தாலும் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

இராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில்தான் எங்கள் அலுவலகம் இருந்தது. வேறு நிறுவனங்கள் எழுதும் வெப் சர்வீஸ்களைச் சோதித்துத் தருவது எங்கள் வேலை. வெப் சர்வீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் போனிலிருந்து ஒரு கேள்வி போகும், எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர் பதில் அனுப்பும். என்ன பதில் வரவேண்டும் என்பதை நாங்கள் முன்னாலேயே ஒரு ஃபைலில் எழுதி வைத்திருப்போம். க்ரூவி என்ற மொழியில் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று அந்த ஃபைலைத் திறந்து, வரிவரியாகப் படித்து, வந்த பதிலோடு ஒப்பிட்டு, முடிவை இன்னொரு ஃபைலில் எழுதிவிடும். பரீட்சைத்தாள் திருத்துவது மாதிரிதான். சரியான விடை திருத்துகிறவர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்த ஸ்கிரிப்ட் எழுதுவதில் எங்கள் அலுவலகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கெட்ட செய்தி சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. பொய் பேசுகிற ஆள் என்று அவரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். தனக்கென்று அவர் ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. எதிரே இருப்பவரின் முகம் சுருங்குவதைத்தான் அவரால் தாங்க முடியாது.

ஒருமுறை என் பக்கத்து இருக்கை பாத்திமாவின் ஸ்கிரிப்ட், ஃபைலின் கடைசியில் புது வரிகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு எழுதிவிட்டது. மாதக்கணக்கில் சேர்த்த சோதனை விவரங்கள் போயே போய்விட்டன. பாத்திமா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். இவர் சட்டென்று எழுந்து, "ஒண்ணுமில்ல சார். இன்னொரு காப்பி எங்கிட்ட இருக்கு" என்றார்.

அவரிடம் எந்தக் காப்பியும் இல்லை. பழைய மெயில்களைத் தோண்டியும் குப்பையில் கிடந்த அச்சுத்தாள்களைப் பொறுக்கியும், அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து அந்த ஃபைலைத் திரும்ப உருவாக்கினார். சொன்ன பொய்யை மெய்யாக்க ஒரு மனிதர் இப்படி முதுகொடியப் பாடுபடுவாரா என்று எங்களுக்கு ஆச்சரியம். அந்த வருடப் பெருநாளுக்குப் பாத்திமா வீட்டிலிருந்து அவருக்கென்று தனியாக ஒரு சட்டி பிரியாணி வந்தது.

எனக்கு முதலில் திக்கென்றது அவர் அம்மாவின் ரத்தப் பரிசோதனை விஷயத்தில்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் பிடிக்கப் போனவள் அவர் திரையைப் பார்த்தேன். பரிசோதனைக்கூடம் அனுப்பிய ரிப்போர்ட்டைத் திறந்து வைத்து, அதில் இருந்த எண்ணை மாற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"அம்மாவுக்குச் சுகர் ரொம்ப ஏறிக் கெடக்குத்தா. இதப் பாத்தா பயந்து படுத்துக்கிருவாக. பயந்தா இன்னும்ல ஏறும்? அதான் கொஞ்சம் கொறச்சு வைக்கிறேன்."

"டாக்டருக்கு?"

"டாக்டர்ட்ட நெசத்தக் காமிச்சாச்சு. மாத்திரையும் வாங்கிட்டேன். சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்துருவேன்."

"நல்லாத்தான இருக்குன்னு அவுக இனிப்பச் சாப்பிட்டா?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. "சாப்பிட மாட்டாக" என்றார்.

சாப்பிட்டார்கள். ரிப்போர்ட் நன்றாக இருக்கிற தைரியத்தில், ஊர்க் கோயில் கொடையில் சர்க்கரைப் பொங்கலை ஒரு பிடி பிடித்துவிட்டு மயங்கி விழுந்தார்கள். ஊசி போட்டு எழுப்பிய பிறகு, "என்னப்பா ஆச்சு எனக்கு?" என்று அந்த அம்மா கேட்க, "வெயில்மா. வெயில்ல நின்னீகள்ல" என்றாராம் இவர். மறுநாள் இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பாத்திமா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவரைக் கோபிக்க முடியவில்லை. கோபிக்கிற மாதிரி அவரிடம் எதுவும் இருந்ததில்லை.

இன்னொரு நாள் அலுவலகத்தார் எல்லோரும் இராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனோம். காற்று பலமாக இருந்ததால் பாம்பன் பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். எதிர் இருக்கையில் வடநாட்டுத் தம்பதி. வயதானவர்கள், மதியத்துக்குள் தீர்த்தமாடிக் காரியம் செய்ய வேண்டுமென்று தவித்துக்கொண்டிருந்தார்கள். இவர் தனக்குத் தெரிந்த இந்தியில், "பாஞ்ச் மினிட், பாஞ்ச் மினிட்" என்று அவர்களைத் தேற்றிக்கொண்டே வந்தார். வண்டி எப்போது கிளம்பும் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. வெகுநேரம் கழித்து வண்டி நகர்ந்தபோது அந்த அம்மா இவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். வண்டியை இவர்தான் கிளப்பிவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பாலத்தைத் தாண்டியதும் நான் கேட்டேன்.

"தெரியலன்னு சொல்லியிருந்தா அவுக எறங்கி பஸ்ஸுல போயிருப்பாகள்லண்ணே?"

"ஆமால்ல" என்றார். வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரந்தான். அந்தக் கிழவர் கொடுத்த பேடாவை எல்லோருக்கும் பிட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் அந்த வேலை வந்தது. கடலோர ஊர்களுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் சேவை. மீனவர் போனில் ஊரைப் பதிந்து வைத்தால், காற்று மிஞ்சும் நாளில் 'இன்று கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று செய்தி வரும். அதன் புதுப் பதிப்பைச் சோதிக்க எங்களிடம் கொடுத்திருந்தார்கள்.

நான் தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர்க்காரி. அய்யாவுக்கு நாட்டுப்படகு இருந்தது. பக்கத்து வீட்டு முருகேசன் மாமாதான் அவருக்குத் துணையாள். நான் இந்தச் சேவையைச் சோதிக்கிறேன் என்று தெரிந்ததும் அய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நமக்குச் சேதி அனுப்புற மிசின எம்மகதான் பாத்துக்கிருது" என்று மீன் ஏலக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சோதனைக்காக ஒரு புயல்நாளின் காற்றளவைக் கொடுத்தால் எல்லா ஊருக்கும் எச்சரிக்கை வரவேண்டும். ஒப்படைக்க வேண்டிய தேதிக்கு முந்தின நாள் ஓடவிட்டுப் பார்த்தபோது, பல ஊர்களுக்கு வரவில்லை. திரையில் சிவப்பு சிவப்பாக இறங்கியது. மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு ஒப்படைக்காவிட்டால் வேலை வேறு கைக்குப் போய்விடும், அலுவலகத்தையே மூட வேண்டியதுதான் என்றார். பாத்திமாவுக்குக் கண் கலங்கியது.

"எல்லாரும் வீட்டுக்குக் கெளம்புங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார் இவர்.

மறுநாள் காலையில் எல்லாம் பச்சையாக இருந்தது.

"என்னண்ணே தப்பு?" என்று கேட்டேன்.

"நம்ம பக்கந்தான்த்தா. ஃபைல வேற எழுத்துமுறையில சேத்து வச்சிருந்தோம். தமிழ்ல இருந்த ஊர்ப்பேரெல்லாம் படிக்கிறப்ப கொழம்பிப் போச்சு."

எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற தப்பு அது. நம்பினேன். மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோருக்கும் பருப்புவடை வந்தது.

புதுப் பதிப்பு ஊர்களுக்குப் போனது; அதே சோதனையைத் தினமும் ஓடவிட்டோம், தினமும் பச்சைதான். சில வாரங்கள் கழித்து ஒரு நாள் விடிந்ததும் அய்யாவும் முருகேசன் மாமாவும் கடலுக்குப் போனார்கள். நான் வழக்கம்போல இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். அலுவலகத்தில் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளத் தொடங்கின. மதியம் அம்மா போன் செய்தாள். படகு கவிழ்ந்துவிட்டது, இருவரையும் வேறு படகு தூக்கிக் கரைசேர்த்திருக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்றாள். நான் அழுதுகொண்டே எழுந்ததும் அவர் என் பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

அய்யாவுக்கு உயிர் இருந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மானம் இருட்டிக்கிட்டு ஒரு மாதிரியா இருக்கு, இன்னிக்கி வேணாம்னு முருகேசன் சொன்னான்த்தா. எம்மக பாக்குற மிசின்ல ஒண்ணும் வரலையேடா, வாடான்னு நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

முருகேசன் மாமாவைத் தனியாக ஓர் அறையில் கிடத்தியிருந்தார்கள். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று டாக்டர் என்னிடமும் அண்ணனிடமும் சொன்னார். மாமாவின் மனைவி செல்வி அக்கா இன்னும் வந்து சேரவில்லை. நீ அய்யாவைப் பார், நான் வாசலில் நிற்கிறேன் என்று இவர் போனார்.

வெகுநேரமாகியும் யாரும் வரவில்லையே என்று நான் வெளியே வந்தேன். அவர் படிக்கட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"செல்வியக்கா இன்னும் வரலையா?"

"வந்துச்சு. அது தங்கச்சி வீடு இங்கனதான் இருக்காம், அங்க போயிருக்கு."

"எதுக்கு?"

அவர் படி இறங்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் சொன்னார்.

"கஞ்சி காச்ச."

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்த அக்கா, யாரென்று தெரியாத இவரைப் பிடித்து, படகு கவுந்து வந்த முருகேசன் பொஞ்சாதி நான், அவரு எங்க இருக்காரு என்று கேட்டிருக்கிறார். இவர், "நல்லா இருக்காரு தங்கச்சி. கண்ணு முழிச்சுட்டாரு. பசிக்குதுன்றாரு. கஞ்சி காச்சிக் கொண்டாங்க" என்று அனுப்பியிருக்கிறார். அக்கா இவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாராம்.

"எப்பிடிண்ணே சொன்னீங்க? எப்பிடி?"

"அது மொகத்தப் பாத்தேன்த்தா. முடியல."

அக்கா கையில் போன் இல்லை, அவசரத்தில் ஊரிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். தங்கச்சி வீடு எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. தேடி அலைந்து திரும்பியபோது முருகேசன் மாமாவைப் பிணவறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அக்கா தூக்குச் சட்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "எந்த வார்டு? எந்த வார்டு?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. அக்கா அழவில்லை. சட்டியை மட்டும் என்னிடம் நீட்டினார். மறுநாள் பிரேதப் பரிசோதனை முடித்து, முகமும் சரியாகத் தெரியாதபடி துணியால் சுற்றிக் கொடுத்தார்கள்.

முருகேசன் மாமாவின் துட்டி வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் காதில் விழுந்தது. அடுத்தடுத்த ஊர்களுக்கெல்லாம் அன்று விடியுமுன்பே எச்சரிக்கை வந்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் போனிலும் வரவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பிய அன்றே, சரியான விடைகள் இருக்கும் ஃபைலைத் திறந்தேன். எங்கள் ஊருக்கு நேரே 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று இருந்திருக்க வேண்டும். 'எச்சரிக்கை இல்லை' என்று இருந்தது. கீழே இன்னும் பல ஊர்களுக்கும் அப்படித்தான். ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். நடுவில் சில வரிகள் புதிதாகச் சேர்ந்திருந்தன. வந்த பதிலும் ஃபைலில் உள்ள விடையும் ஒத்துப்போகாவிட்டால், ஃபைலில் உள்ள விடையை அழித்துவிட்டு வந்த பதிலையே அங்கே எழுது, பிறகு ஒப்பிடு. அந்த வரிகளுக்கு அர்த்தம் இதுதான். மாணவன் எதை எழுதினாலும் அதையே சரியான விடை என்று வைத்துத் திருத்தினால் யார்தான் தோற்பார்கள்? அந்தச் சோதனை இனி ஒருநாளும் சிவப்பாகாது.

நான் திரும்பியபோது அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குச் சொல்லிருவோம், சரிபண்ணிருவாகன்னு நெனச்சேன்த்தா. அன்னிக்கி எல்லாரும் எப்பிடி உக்காந்திருந்தீக. பாக்க முடியல."

"பெறகு மறந்துட்டீங்களா?"

"மறக்கல." திரையைக் காட்டினார். "தெனமும் பச்சையாவே வந்துச்சா. பாத்துப் பாத்து எனக்கே சரியாயிருச்சுன்னு தோணிப் போச்சு."

"ஆஸ்பத்திரிக்கு எங்கூட வாரப்பவே, இதாலதான்னு தெரியுமா?"

"தெரியும்."

என் பையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நடந்துவந்த மனிதர். ஆட்டோவில் உட்கார்ந்து, அய்யாவுக்கு ஒன்றும் ஆகாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர். பாத்திமாதான் எழுந்து வந்து, இப்போதே சேவைக்காரர்களுக்கு மெயில் எழுதுங்கள், இன்னும் எத்தனை ஊரோ என்று அதட்டினாள். அவர் உட்கார்ந்து தட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். 'பதற்றப்பட ஒன்றுமில்லை' என்று ஆரம்பித்திருந்தார்.

"அழிங்கண்ணே" என்றேன்.

அழித்தார். அப்புறம் பாத்திமா சொல்லச் சொல்ல எழுதினார். தான் எடுத்து வைத்திருந்த பழைய ஃபைல், மாற்றிய ஃபைல், ஸ்கிரிப்ட் மூன்றையும் சேர்த்து அனுப்பினார். அன்று சாயங்காலத்துக்குள் சேவையை நிறுத்திச் சரிசெய்தார்கள். விசாரணை வந்தது. அவருக்கு வேலை போனது, வழக்கு நடக்கிறது. அலுவலகத்தையும் மூடிவிட்டார்கள்.

கருமாதி முடிந்து சில வாரம் கழித்து ஒரு முற்பகலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார். அய்யா அவரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"செல்வி தங்கச்சியப் பாத்து நெசத்தச் சொல்லணும். நீயும் வாத்தா. தனியாப் போனா மாத்திச் சொல்லிருவேன்."

எனக்குப் போக மனமில்லை. ஆனால் கடைசி வார்த்தை உண்மை என்று தெரிந்ததால் போனேன்.

செல்வி அக்கா வீட்டுக்குள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். இவர் உட்காராமல் நின்றபடியே, ஃபைலை மாற்றியது, அதனால் எச்சரிக்கை வராமல் போனது எல்லாவற்றையும் சொன்னார். இடையிடையே பேச்சு வேறு பக்கம் நழுவும். என்னைப் பார்ப்பார், திரும்ப வழிக்கு வருவார். அக்கா அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஃபைலு, கம்ப்யூட்டரெல்லாம் தெரியாதுண்ணே. அதக் கோர்ட்டுல பாத்துக்கிருவாக" என்றார். "ஆஸ்பத்திரி வாசல்ல ஏன் அப்பிடிச் சொன்னீக?"

இவர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நான் அடுப்பு முன்னால நின்னு உப்புப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்நேரம் அவரு மொகம் தெறந்து கெடந்திருக்கு. எனக்குக் குடுத்து வைக்கல. சுத்தித்தான் குடுத்தாக. ஊரே அழுதுச்சு, எனக்கு அழுக வரல. நீங்க சொன்னதுதான் காதுல நிக்கிது. கண்ணு முழிச்சுட்டாரு, பசிக்குதுன்றாருன்னு. இன்னமும் எங்கிட்டோ பசியோட கெடக்காருன்னுதான் தோணுது." முறத்தைக் கீழே வைத்தார். "அன்னிக்கி எங்கிட்ட என்ன சொல்லியிருக்கணுமோ, அத இப்பச் சொல்லுங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"தங்கச்சி" என்றார். நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க வீட்டுக்காரரு செத்துப்போயிட்டாரு. கொண்டாரப்பவே உசுரு இல்ல."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுசக் குரல் மாதிரியே இல்லை. முறம் கவிழ்ந்து அரிசி சிதற, தரையில் விழுந்து, அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அழ வேண்டியதையெல்லாம் அழுதார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தெருச்சனம் ஓடிவந்து வாசலை அடைத்துக்கொண்டு, "என்னாச்சு? ஏ, என்னாச்சு?" என்று கேட்டது. எனக்கு வாய் திறக்கவில்லை.

அவர்தான் திரும்பி நின்று, எதையும் மாற்றாமல் அவர்களுக்குச் சொன்னார்.